ராக்கெட் ஏவுதல் சந்தையில் வலுக்கும் போட்டி: குறைந்த கட்டணம் மட்டும் இந்தியாவுக்குக் கைகொடுக்குமா?

புதுடெல்லி: 2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி37 ராக்கெட், ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தி உலக சாதனை படைத்தது. அவற்றில் 101 செயற்கைக்கோள்கள் வெளிநாடுகளுக்குச் சொந்தமானவை. குறைந்த கட்டணத்தில் சிறிய செயற்கைக்கோள்களை ஏவித் தரும் நம்பகமான நாடு என்ற பெயரை இந்தியா அன்று உறுதிப்படுத்தியது.

அந்தச் சாதனை நான்கு ஆண்டுகளே நீடித்தது. 2021 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம், ஃபால்கன்-9 ராக்கெட் மூலம் 143 செயற்கைக்கோள்களை ஒரே முறையில் ஏவியது. பிஎஸ்எல்வியின் வாடிக்கையாளர்களான சிறிய செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு மற்றொரு மலிவான வாய்ப்பு கிடைத்தது.

மறுபயன்பாடு மாற்றிய கணக்கு

ராக்கெட் தயாரிப்புச் செலவில் பெரும்பங்கு முதல் அடுக்குக்கே ஆகிறது. வழக்கமான ராக்கெட்டுகளில் சில நிமிடங்கள் இயங்கிய பின் அது கடலில் விழுந்து வீணாகிவிடும். ஸ்பேஸ்எக்ஸ் 2015 டிசம்பரில் முதல் அடுக்கைப் பத்திரமாகத் தரையிறக்கியது. ஏற்கெனவே பறந்த அடுக்கை 2017 மார்ச்சில் மீண்டும் பயன்படுத்தியது.

இதனால் செலவு குறைந்ததோடு, ஏவுதல்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. 2024-ல் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் ஏவப்பட்டன. அதே ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ மேற்கொண்ட சுற்றுப்பாதை ஏவுதல்கள் 5 மட்டுமே. தயாரான செயற்கைக்கோள் தரையில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் உரிமையாளருக்கு வருவாய் இழப்பு என்பதால், கட்டணத்தைப் போலவே காத்திருப்புக் காலமும் ஒப்பந்தங்களைத் தீர்மானிக்கிறது.

கிடைத்த வாய்ப்பும் எதிர்கொண்ட சவாலும்

உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய ராக்கெட்டுகள் மேற்கத்திய வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் போயின. அந்த இடைவெளியில் பிரிட்டனின் ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் எல்விஎம்-3 ராக்கெட் வெற்றிகரமாக ஏவியது.

எனினும் 2024 நவம்பரில், சுமார் 4,700 கிலோ எடை கொண்ட இந்தியாவின் ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் ஃபால்கன்-9 மூலம் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. புவிநிலைப் பரிமாற்றப் பாதைக்குச் சுமார் 4,000 கிலோவைக் கொண்டு செல்லும் வகையில் வடிவமைக்கப்பட்ட எல்விஎம்-3, அந்த எடைக்குப் போதுமானதாக இல்லை.

2025 மே மாதத்திலும் 2026 ஜனவரியிலும் பிஎஸ்எல்வி அடுத்தடுத்துத் தோல்வியடைந்தது கூடுதல் சவாலாகியுள்ளது. செயற்கைக்கோளுக்கான காப்பீட்டுக் கட்டணம் ராக்கெட்டின் வெற்றி வரலாற்றைப் பொறுத்தே நிர்ணயிக்கப்படுகிறது. எனவே தோல்விகள் தொடர்ந்தால், குறைந்த ஏவுதல் கட்டணத்தால் கிடைக்கும் லாபம் காப்பீட்டிலேயே கரைந்துவிடக்கூடும்.

அதிகரிக்கும் போட்டியாளர்கள்

ஐரோப்பாவின் ஏரியன்-6 ராக்கெட் 2024 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. ப்ளூ ஆரிஜின் நிறுவனம் 2025 நவம்பரில் நியூ கிளென் ராக்கெட்டின் முதல் அடுக்கைக் கடலில் நின்ற கப்பலில் தரையிறக்கியது. சீனாவின் லேண்ட்ஸ்பேஸ் நிறுவனம் அடுத்த மாதமே இதே முயற்சியை மேற்கொண்டது. அந்த ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டினாலும், முதல் அடுக்கை மீட்க முடியவில்லை.

இந்தியாவின் திட்டம் என்ன?

முதல் அடுக்கை மீண்டும் பயன்படுத்தக்கூடிய அடுத்த தலைமுறை ராக்கெட்டை உருவாக்க, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.8,240 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. தாழ் புவி சுற்றுப்பாதைக்கு 30 டன் வரை கொண்டு செல்லும் வகையில் இது வடிவமைக்கப்படுகிறது. சிறிய ரக எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகளுக்காகத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைக்கப்படுகிறது. அங்கிருந்து இலங்கையைச் சுற்றிச் செல்லாமல் நேராகத் தெற்கு நோக்கி ஏவ முடியும் என்பதால் எரிபொருள் மிச்சமாகும்.

உலக விண்வெளிப் பொருளாதாரத்தில் சுமார் 2 சதவீதமாக உள்ள இந்தியாவின் பங்கை 2033-க்குள் 8 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. அடுத்த தலைமுறை ராக்கெட்டை உருவாக்க நிர்ணயிக்கப்பட்டுள்ள காலம் 96 மாதங்கள். அதாவது, திட்டமிட்டபடி பணிகள் முடிந்தாலும் இலக்கு ஆண்டுக்குச் சற்று முன்னர்தான் அது தயாராகும். அதுவரை பிஎஸ்எல்வியின் நம்பகத்தன்மையை மீட்பதும், எல்விஎம்-3 ஏவுதல்களை அதிகரிப்பதுமே சந்தையில் இந்தியாவின் இடத்தைத் தீர்மானிக்கும்.