தண்ணி வர்றதுக்குள்ள தோண்டு!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஃப்ரெண்ட்ஸ்... தோல் பிசினஸ் நம்ம ஏரியாவுக்கு எப்போ வந்ததுன்னு நினைக்கிறீங்க? தொழிற்சாலை வர்றதுக்குப் பல ஆயிரம் வருஷம் முன்னாடியே, தோலில் ஒட்டின சதையைக் கல்லால் சுரண்டி எடுத்தான் ஆதிமனிதன். அந்தக் கல்லுக்குத் தொல்லியல்காரங்க வெச்சிருக்கிற பேரே 'சுரண்டி'தான்!

திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1964-65, 1967-68ல் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குழி வீடுகள், வழவழப்பான கல் கோடாரிகள், கூடவே கருகிப்போன கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் கிடைத்தன. அவங்க சாப்பாட்டு மெனு நமக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

பையம்பள்ளியில் நிதானமாகத் தோண்ட முடிஞ்சது. அதே மாதிரி குழி வீட்டு மக்கள் வாழ்ந்த இன்னொரு இடத்துக்கு 'டெட்லைன்' இருந்தது. ஆந்திராவின் நாகார்ஜுனகொண்டா!

கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை கட்ட முடிவானதும், மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கே மூழ்கப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. 1954ல் ஆர்.சுப்பிரமணியம் தலைமையில் தொல்லியல் துறை களமிறங்கியது. 1955ல் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். ஒருபக்கம் அணை வளர, இன்னொரு பக்கம் 1960 வரை ஓயாமல் தோண்டினாங்க. கற்கால ஆயுதங்கள், புதிய கற்காலப் புதைகுழிகள், பெருங்கற்காலச் சின்னங்கள், இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரம், புத்த விகாரைகள்... அடுக்கடுக்காக வந்துகிட்டே இருந்தது.

எல்லாத்தையும் காப்பாத்த முடியுமா? முடியாது. முக்கியமான சிலவற்றை மட்டும் பிரித்து எடுத்து, மலை உச்சியிலும் அனுப்பு என்ற இடத்திலும் திரும்பக் கட்டினாங்க. அந்த மலை இப்போ ஏரி நடுவே ஒரு தீவு. போட்டில்தான் போகணும். மீதியெல்லாம் தண்ணிக்கு அடியில். அவை இன்னிக்கு வாழ்வது அளவெடுத்த வரைபடத்திலும், போட்டோவிலும், குறிப்பேட்டிலும்தான்.

மேட்டர் இதுதான்... பொருளைவிட, அது கிடந்த இடம் முக்கியம். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் கல் கோடாரிகளைச் சாமியா வெச்சுக் கும்பிடுறாங்க. பத்திரமா இருக்கு, சந்தோஷம். ஆனா எந்த மண் அடுக்கில், எதோட பக்கத்தில் கிடந்ததுன்னு கேட்டா பதில் இல்லை. பையம்பள்ளிக் கோடாரிக்குப் பக்கத்துணையா கொள்ளு இருக்கு. இதுக்கு யாரும் இல்லை!

நம்ம ஊர் மேட்டை அழிக்க அணை எல்லாம் வேண்டாம் பாஸ். ஒரு ஜே.சி.பி., ஒரு மதியம் போதும்.

நீங்க செய்ய வேண்டியது:

* வித்தியாசமான கல்லோ, பானை ஓடோ கண்ணில் பட்டால் கிளறாதீங்க, வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க.

* பக்கத்தில் ஒரு பேனாவை வெச்சு போட்டோ எடுங்க. அப்பதான் அளவு புரியும்.

* இடம், தேதி குறிச்சு, தாசில்தார் ஆபீஸுக்கோ வேலூர் கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்க.

மண்ணில் ஒரு அடுக்கை ஒரு தடவைதான் படிக்க முடியும். அரியர் எழுத சான்ஸே கிடையாது!