காட்சியும் சாட்சியும்: காணாமற்போனோரைத் தேடும் கதைகளில் குறிகாண்போர்

ஆய்வுச் சுருக்கம்

காணாமற்போனவரை அகக்காட்சியால் கண்டறியும் பாத்திரம் தொலைக்காட்சிக் குற்றத்தொடர்களில் நன்கு அறிமுகமானது. சங்க அகமரபு, கொங்குநாட்டு அண்ணன்மார் கதை, தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் மறைந்ததைக் காண்போர் பெறும் இடத்தை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. காட்சி உண்மையா என்பதைவிட, அதனை உறுதிசெய்யும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே இக்கதைகளை வேறுபடுத்துகிறது என்பதை இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறி, வெறியாட்டு, உடன்போக்கு, அண்ணன்மார் கதை, தொலைக்காட்சித் தொடர், சாட்சியம்

முன்னுரை

அமெரிக்காவின் லைஃப்டைம் தொலைக்காட்சியில் 2003 முதல் 2006 வரை ஒளிபரப்பான ‘மிஸ்ஸிங்’ என்னும் தொடரில், மின்னல் தாக்கிய பின் ஓர் இளம்பெண்ணுக்குக் காணாமற்போனவர்களைப் பற்றிய காட்சிகள் தோன்றத் தொடங்குகின்றன. மெக் கேபட் எழுதிய இளையோர் புதின வரிசையைத் தழுவிய இத்தொடரில், அவள் நாட்டின் நடுவண் புலனாய்வு அமைப்புடன் இணைந்து பணியாற்றுகிறாள். அவளுக்குத் தோன்றுவது முழுமையற்ற படிமம் மட்டுமே. அதற்குப் பொருள் கண்டு, இடத்தை அறிந்து, ஆளை மீட்பது புலனாய்வின் பணியாகிறது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இத்தகைய பாத்திரம் புதியதன்று. பொருள் களவு போனாலும் ஆள் வீடு திரும்பாவிட்டாலும் குறி கேட்பது, கோயிலில் பூக்கேட்பது, வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பது ஆகியவை தமிழகச் சிற்றூர்களில் அறியப்பட்ட வழக்கங்கள். எனினும், இவ்வழக்கத்தின் நீட்சியாக மட்டும் தொலைக்காட்சிப் பாத்திரத்தைக் கொள்வது போதாது. மறைந்ததைக் காண்பவரைத் தமிழ்மரபு ஒரே நிலையில் வைக்கவில்லை.

அகமரபில் வேலனும் வழிப்போக்கரும்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய், வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். அவன் முருகு அணங்கியது என்கிறான். உண்மைக் காரணம் களவுக் காதல் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். பாடலைக் கேட்போருக்கும் தெரியும். கபிலர் பாடிய ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியின் வெறிப்பத்து (241–250) இச்சூழலை மையமாகக் கொண்டது. நற்றிணை 34ஆம் பாடலில் தோழி, காரணம் தான் அல்லன் என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என இகழ்கிறாள். ஆக, இம்மரபில் குறிகாண்பவன் தவறுகிறான். அத்தவறே பாடலுக்குப் பொருளாகிறது.

உடன்போக்கில் நிலை மாறுகிறது. மகள் வீட்டில் இல்லை. செவிலி அவளைத் தேடிப் பாலைவழியே செல்கிறாள். கலித்தொகை 9ஆம் பாடலில் அவள் வினவுவது குறிகாரரை அன்று, எதிரே வரும் அந்தணரை. அவர்கள் அவ்விருவரையும் கண்டதை மறைக்கவில்லை. ஆனால் மலையில் பிறந்த சந்தனமும் கடலில் பிறந்த முத்தும் யாழில் பிறந்த இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படாததைச் சுட்டி, மகள் சென்றதும் அறவழியே என்று கூறிச் செவிலியைத் தேற்றுகின்றனர். இங்குக் கண்டவர் சாட்சியாகிறாரே அன்றி, தேடுவோரின் கையாளாக மாறுவதில்லை. வீட்டாருக்குக் ‘காணாமற்போதல்’ எனத் தோன்றுவது மகளின் நோக்கில் விரும்பிச் சென்ற செலவு என்பதை இப்பாடல் நிலைநாட்டுகிறது.

அண்ணன்மார் கதையில் தங்காள்

கொங்குநாட்டில் உடுக்கையடித்துப் பாடப்பெறும் அண்ணன்மார் கதை இதனின்று வேறுபடுகிறது. 1960களில் கொங்குப் பகுதியில் களப்பணி செய்த பிரெண்டா பெக் இக்கதையின் வாய்மொழி வடிவத்தைப் பதிவுசெய்தார்; கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’ 1971இல் வெளிவந்தது. கதையில் பொன்னர், சங்கர் ஆகியோரின் தங்கையான அருக்காணி என்னும் தங்காள், வரவிருப்பதைக் கனவாலும் நிமித்தத்தாலும் முன்னறிபவள். அண்ணன்மார் வீடு திரும்பாத நிலையில் அவள் தனியே காட்டுக்குள் சென்று தேடுகிறாள். மாண்டுகிடக்கும் அவர்களைத் தெய்வத்தின் அருளால் கண்டு, உயிர்பெற்றெழச் செய்கிறாள். எழுந்தவர்கள் சிறுபொழுதே பேசி மீண்டும் உயிர் துறக்கின்றனர்.

இங்கு இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, காட்சி காண்பவள் கூலிக்கு அழைக்கப்பட்ட குறிகாரி அல்லள், இழப்புக்குரிய உடன்பிறந்தாள். வேலனுக்கு இல்லாத நம்பகத்தன்மை அவளுக்கு வாய்ப்பது இவ்வுறவினால் ஆகும். இரண்டாவது, அவளுடைய அறிவு இழப்பைத் தடுப்பதில்லை. எச்சரிக்கை ஏற்கப்படவில்லை, மீட்பும் நிலைக்கவில்லை. அவளால் முடிவது கண்டடைவதும் விடைபெறுவதும் மட்டுமே. அண்ணன்மார் வழிபாட்டில் நிகழும் படுகளச் சடங்கில் அருள்வந்து வீழ்ந்தோர் தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுகின்றனர். கூடியிருக்கும் ஊரே தங்காளின் காட்சிக்குச் சான்றாகிறது.

தொலைக்காட்சித் தொடரில் இருவழி விளக்கம்

தமிழ்த் தொலைக்காட்சியில் மருமமும் குற்றமும் இணைந்த கதைக்கு முன்மாதிரியாக அமைந்தது ‘மர்மதேசம்’ தொடர்வரிசை. சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில், நாகாவின் இயக்கத்தில், 1990களில் சன் தொலைக்காட்சியில் இது ஒளிபரப்பானது. இவ்வரிசையின் ‘விடாது கருப்பு’ கதையில், ஊரில் தவறு செய்தோர் தண்டிக்கப்படுவதற்குக் காரணம் கருப்புசாமியா, மனிதனா என்னும் வினா தொடர் முழுவதும் நீடிக்கிறது. உளவியல் சார்ந்த விளக்கமும் தெய்வ நம்பிக்கையும் அருகருகே நிறுத்தப்படுகின்றன.

‘மிஸ்ஸிங்’ தொடர் காட்சியின் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதனை அரசின் புலனாய்வுக்குப் பயன்படுத்துகிறது. தமிழ்த்தொடரோ காட்சியின் உண்மையையே விசாரணைக்கு உட்படுத்துகிறது. முன்னதில் காட்சியை உறுதிசெய்பவர் புலனாய்வாளர். பின்னதில் இருவகை விளக்கங்களையும் எடைபோடும் பொறுப்பு பார்வையாளரிடம் விடப்படுகிறது. வேலன் தவறியதை அறிந்து கேட்கும் அகமரபுச் சுவைஞரின் இடத்துக்கு இப்பார்வையாளர் நெருங்கி வருகிறார்.

நீதிமன்றம் வேண்டும் கண்

புனைவுக்கு வெளியே காட்சிக்குச் சட்டம் வகுக்கும் எல்லை தெளிவானது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்றது. கண்ணால் காணத்தக்க நிகழ்வைக் கண்டவரே கூற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் இந்நெறியைத் தொடர்கிறது. கனவிலோ மையிலோ கண்டது இவ்வரையறைக்குள் அடங்காது.

இச்சமவெளியில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதன் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பொறியியல் பட்டதாரி ஒருவர் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குச் சென்றபின் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவருடைய உடல் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் கிடந்தது. வேறு சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்ததற்காக அவர் கடத்திக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. முதன்மைச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தபோதும், கோயிலின் கண்காணிப்புப் படக்கருவிப் பதிவு சான்றாக நின்றது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் கோயிலுக்கே சென்று இடங்களைப் பார்வையிட்டனர். அவ்வாண்டு ஜூனில் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தனர்.

கலித்தொகையின் வழிப்போக்கர் தாம் கண்டதை அச்சமின்றிச் சொல்லினர். கண்டவர் சொல்ல இயலாத அளவுக்குச் சாதியின் அழுத்தம் நிலவும் சூழலில், படக்கருவியின் பதிவு அச்சாட்சியத்தின் இடத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. ஆயினும் பதிவு தானாகப் பேசுவதில்லை. இடத்தை நேரில் கண்டு பொருத்திப் பார்க்கும் மனிதக் கண் அதற்கும் தேவைப்பட்டது.

முடிவுரை

வேலனின் காட்சி தவறென உணர்பவர் தோழி. தங்காளின் காட்சிக்குச் சான்று ஊர். தொலைக்காட்சிப் பாத்திரத்தின் காட்சியை உறுதிசெய்பவர் புலனாய்வாளரோ பார்வையாளரோ ஆவர். குறிகாண்பவரைப் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை, பகுத்தறிவு என்னும் எதிர்வில் நின்றுவிடாமல், காட்சி உண்மையாகும் முறையையும் நோக்குதல் வேண்டும். காணாமற்போனவர் தம் விருப்பால் சென்றாரா, பிறரால் கொண்டுசெல்லப்பட்டாரா என்னும் வினா எந்தக் கதையிலும் முதன்மையானது. முன்னவருக்குக் கண்டடையப்படாமையே காப்பாகலாம். பின்னவருக்குக் கண்டவரின் சொல் ஒன்றே நீதிக்கு வழியாகிறது. இவ்வேறுபாட்டைக் காட்டும் கதைகள் அகமரபின் கூர்மையைத் தக்கவைக்கின்றன. காட்டாதவை தேடுவோரின் அதிகாரத்தை மட்டுமே வலுப்படுத்துகின்றன.