பேசும் ஆங்கிலமும் ஒப்பிக்கும் ஆங்கிலமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

சென்ற ஆண்டு நம் பள்ளிக்கு அயர்லாந்திலிருந்து வயது முதிர்ந்த கன்னியர் ஒருவர் வந்திருந்தார். பகல் உணவு மணி அடித்ததும் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து, "யீட்டன் யெட்?" என்றார். அந்த மாதந்தான் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் நான் முதற் பரிசு பெற்றிருந்தேன். ஆயினும் ஒன்றும் விளங்கவில்லை. "யெஸ், சிஸ்டர்" என்று சொல்லி வைத்தேன். அவரும் மகிழ்ந்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டும்படி அழைத்துச் சென்றுவிட்டார். அன்று என் தயிர்ச்சாதம் டிபன் பெட்டியிலேயே புளித்தது!

"ஹேவ் யூ ஈட்டன் யெட்?", அதாவது "சாப்பிட்டாயா?" என்றுதான் அவர் கேட்டாராம். ஆசிரியை விளக்கியபோது வெட்கமாக இருந்தது. முதற் சொல்லைக் காணோம். இரண்டாவது சொல் மூன்றாவதோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் பேசும்போது கருத்துக்கு முக்கியமான சொற்களை அழுத்திச் சொல்கிறார்கள்; மற்றவை தேய்ந்து போகின்றன. "பிரெட் அண்ட் பட்டர்" என்பது "பிரெட்ன் பட்டர்" ஆகிறது. அப்படித் தேயும்போது மெலிந்த ஓர் "அ" போன்ற ஒலி பிறக்கிறது. ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிரொலி அதுதான். ஆனால் இருபத்தாறு எழுத்துகளில் அதற்கென்று ஓர் எழுத்துக்கூட இல்லை! நாமோ ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி வாசித்துப் பழகியவர்கள். காதும் அதையே எதிர்பார்க்கிறது.

இன்னொன்றையும் அறிந்தேன். 1959-இல் ராண்டால்ஃப் குவெர்க் என்ற பேராசிரியர் படித்த ஆங்கிலேயர்களின் மொழியைத் திரட்டும் பெரும்பணியைத் தொடங்கினார். திட்டமிட்ட பத்து லட்சம் சொற்களில் பாதி பேச்சு. பின்னர் சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யான் ஸ்வார்ட்விக் அந்தப் பேச்சுப் பகுதியைக் கணிப்பொறியில் ஏற்றினார். உரையாடல்களில் ஒரு பகுதி 1980-இல் நூலாகவும் வெளிவந்தது. பதிவாவது தெரிந்தால் பேச்சு மாறிவிடும் அல்லவா? எனவே பல உரையாடல்களைப் பேசுவோர் அறியாமலே பதிவு செய்தார்கள். (இது நியாயமா என்று எனக்கும் தோன்றியது.)

அவற்றில் என்ன இருந்தது தெரியுமா? நாம் பேசும்போது எவற்றைக் குற்றம் என்று திருத்துகிறார்களோ, அவையே! தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விட்டு வேறு வாக்கியம் தொடங்குகிறார்கள். ஒரே சொல்லை இருமுறை சொல்கிறார்கள். "வெல்", "யூ நோ", "ஐ மீன்" என்று இடையிடையே போட்டுக்கொள்கிறார்கள். முற்றுப்புள்ளியே இல்லாமல் "அண்ட்... அண்ட்..." என்று கோத்துக்கொண்டே போகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் "ம்", "யெஸ்" என்கிறார். அது குறுக்கீடு அல்ல, கேட்கிறேன் என்பதற்கு அடையாளம். நம் வீட்டில் பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டாவிட்டால் கதை நின்றுவிடுமே, அதே முறைதான்.

"அ...", "அம்..." என்ற தயக்க ஒலிகளுக்கும் வேலை உண்டாம். 2002-இல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதே லண்டன் பதிவுகளை ஆராய்ந்தார்கள். "அ" என்றால் சிறிய தாமதம், "அம்" என்றால் நீண்ட தாமதம் வரப்போகிறது என்று பேசுபவர் அறிவிக்கிறார் என்பது அவர்கள் முடிவு. "கொஞ்சம் பொறு, இன்னும் நான் முடிக்கவில்லை" என்று கேட்பவருக்குச் சொல்வது போல!

இதைப் படித்தபோது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நினைத்துக்கொண்டேன். எழுத்துத் தேர்வில் அவளை யாரும் வெல்ல முடியாது. ஆனால் ஒருமுறை "அம்" என்று நின்றதற்கு எல்லோரும் சிரித்துவிட்டோம், நானும் சிரித்தேன். அன்று முதல் அவள் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை. கட்டுரையை அவளிடந்தான் முதலில் காட்டினேன்.

சிஸ்டர் ஊருக்குப் புறப்படும் நாளில் அதே தாழ்வாரத்தில் அதே கேள்வியைக் கேட்டார். தோழியும் என்னுடன் இருந்தாள். நான் வாய் திறக்கும் முன்னே அவள், "வெல்... அம்... நோ, ஐ மீன், நாட் யெட், சிஸ்டர்" என்றாள். அவள் முடிக்கும் வரை சிஸ்டர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு மூவரும் உணவறைக்குச் சென்றோம்.