காய்ச்சல் விட்டுடுச்சா? அப்போதான் உஷாரா இருக்கணும்! டெங்குவை எதிர்கொள்ள குடும்பத்தோடு தயாராவது எப்படி?

சூரமங்கலம்:

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே சேலம் மாநகராட்சியின் சூரமங்கலம் மண்டலத்தில் டெங்கு பயமும் கூடவே வந்துவிடும். 2017-ம் ஆண்டை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்து 294 பேருக்கு டெங்கு வந்தது. 65 பேர் பலியானார்கள். இது மத்திய அரசின் கணக்கு. அதிகம் பாதித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காய்ச்சல் நோயாளிகள் குவிந்தனர்.

மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் உங்கள் வீடு தயாரா?

நல்ல தண்ணீரில்தான் வளரும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத இடங்களில் டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி என்று நிரப்பி வைக்கிறோம். அதை மூடாமல் விட்டால் கொசுவுக்குக் கொண்டாட்டம். முட்டை கொசுவாக மாற 8 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

வெறுமனே கொட்டினால் போதாது. முட்டை டிரம்மின் உள்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். எனவே நார் வைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, மொட்டை மாடி டயர், கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல் குழி இவற்றையும் பாருங்கள்.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். அதிக தூரம் பறக்காது. உங்கள் வீட்டு டிரம்மில் வளர்ந்தது பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும். அதனால் தெருவே சேர்ந்து ஒரே நாளில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பலன் உண்டு. அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளர்களை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

ஆபத்தான நாள் எது?

பலரும் ஏமாறுவது இங்கேதான். 3 நாள் கொதித்த காய்ச்சல் திடீரென்று குறையும். "அப்பாடா, விட்டுடுச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். பெரியவர்கள் தறிக்கும் பட்டறைக்கும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் டெங்குவில் காய்ச்சல் குறையும் அந்த 1, 2 நாள்தான் கண்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் இறங்கும்.

கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கை கால் சில்லிடுதல், பிள்ளை துவண்டு படுத்தல், பல மணி நேரம் சிறுநீர் போகாமல் இருத்தல். இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது, "ஒரு ஊசி போட்டா சரியாப் போயிடும்" என்று போலி டாக்டரிடம் போவது, 2-ம் உயிருக்கு உலை வைக்கும். பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்தான். ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். நிலவேம்பு குடிநீர் குடித்தாலும் டாக்டரைப் பார்ப்பதை விடக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியது

காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், காப்பீட்டு அட்டை, ஆதார் நகல், கொஞ்சம் ரொக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு ஆஸ்பத்திரிக்கோ தாமதிக்காமல் போங்கள்.