விளையாட்டுல எவ்வளவு நிஜம் வேணும்? திருத்தணி படிகள்ல ஒரு கணக்கு

இன்னைக்கு எபிசோடு சீரியஸ் கேம்ஸ் பத்தி. பொழுதுபோக்கைத் தாண்டி, ஒரு விஷயத்தைக் கத்துக்கொடுக்கிற, பயிற்சி தர்ற விளையாட்டுகள். க்ளார்க் ஆப்ட் 1970-ல இதே பேர்ல ஒரு புத்தகம் எழுதினார்.

இந்த கேம்கள் எவ்வளவு நிஜமா இருக்கணும்? கேட்டவுடனே எல்லாரும் கிராபிக்ஸைத்தான் சொல்லுவோம். ஆனா 1929-ல எட்வின் லிங்க் உருவாக்கின விமானப் பயிற்சிக் கருவியைப் பாருங்க. குட்டி இறக்கை வெச்ச ஒரு மரப்பெட்டி. மூடியை மூடிட்டா வெளியே ஒண்ணும் தெரியாது. ஆனா ஸ்டிக்கை அசைச்சா உள்ளே மீட்டர் முள் சரியா நகரும். மேகத்துக்குள்ள பறக்கிற விமானிக்கும் அவ்வளவுதானே தெரியும்? இரண்டாம் உலகப் போர் சமயத்துல லட்சக்கணக்கான விமானிகள் அதுலதான் பழகினாங்க.

இப்போ திருத்தணிக்கு வருவோம். மலைக்கு 365 படி. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். அங்கே நிக்கிற தன்னார்வலர்களுக்கு ஒரு போர்டு கேம் டிசைன் பண்ணணும்னா, நான் கோபுரத்தை வரையறதுல நேரம் செலவு பண்ண மாட்டேன். பக்தருக்கு ஒரு மரக்காய் போதும். ஆனா காவடி எடுத்து வர்றவருக்கு ரெண்டு கட்டம் வேணும், ஏன்னா படியில அவருக்கு நிஜமாவே கூடுதல் இடம் தேவை.

அடுத்தது தகவல். 2008 ஆகஸ்ட்ல இமாச்சலப் பிரதேசத்து நைனா தேவி மலைக்கோயில்ல நிலச்சரிவுன்னு ஒரு வதந்தி. மேலே இருந்தவங்க அவசரமா இறங்க, கீழேயிருந்து ஏறினவங்களோட மோதி, 140 பேருக்கு மேல இறந்துபோனாங்க. மேலே நடக்கிறது கீழே இருக்கிறவருக்குத் தெரியாது. அதனால என் கேம்ல ஒவ்வொருத்தரும் தன் பகுதியை மட்டும்தான் பார்க்கலாம். மேலேருந்து வர்ற செய்தி ஒரு சுற்று தாமதமாத்தான் வரும். எல்லைப் பக்கத்து ஊர், ஆந்திராவிலிருந்தும் நிறைய பேர் வருவாங்க. தமிழ்ல மட்டும் அறிவிச்சா, தெலுங்குக் காய்கள் நின்ன இடத்துலயே நிக்கும்.

மூணாவதுதான் முக்கியம். நெரிசல்னாலே, 'ஜனங்க முண்டியடிச்சாங்க'ன்னு சொல்லிடறோம். ஆனா ஒரு சதுர மீட்டர்ல அஞ்சாறு பேருக்கு மேல சேர்ந்துட்டா, தனி ஆளால தன் காலை நினைச்ச இடத்துல வைக்க முடியாது. கூட்டம் தண்ணி மாதிரி தள்ளும். பின்னாடி இருக்கிறவருக்கு முன்னாடி ஒருத்தர் விழுந்ததே தெரியாது. 'பீதி' கார்டு ஒண்ணு வெச்சு, அதை எடுத்தவுடனே காய்கள் ஓடுற மாதிரி பண்ணினா விளையாட பரபரப்பா இருக்கும். ஆனா அது பொய்யைக் கத்துக்கொடுக்கும். விளையாடி முடிச்ச தன்னார்வலர், நாளைக்கு படியில ஜனங்களை அதட்டிட்டு நிப்பார். அதே கேம்ல அடர்த்தியை விதியா வெச்சா, அடிவாரத்துலயே கூட்டத்தை எப்போ நிறுத்தணும்னு யோசிப்பார். மலை உச்சியில நெரிசல் ஆரம்பிச்சப்புறம் செய்யறதுக்கு ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

அதனால எந்த விவரத்தைச் சேர்க்கும்போதும் நான் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இது விளையாடுறவரோட முடிவை மாத்துமா? மாத்தாதுன்னா எடுத்துடலாம். மாத்தும்னா, அது சரியா இருந்தே ஆகணும். தப்பான விதியை நல்லா விளையாடிப் பழகினவர், தப்பைத்தான் வேகமா செய்வார்.

உங்க ஊர் திருவிழாவுக்கு இப்படி ஒரு கேம் பண்ணினா முதல் விதி என்னவா இருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.