அருணாசல மலையில் மறைந்த குண்டுவீச்சு விமானம்: 72 ஆண்டுகளுக்குப் பின் தாயகம் சென்ற வீரர்கள்

புது தில்லி: இரண்டாம் உலகப் போரில் இந்திய மண்ணில் உயிரிழந்த அமெரிக்க விமானப் படையினரின் உடல் எச்சங்கள், 2016 ஏப்ரல் 13-ம் தேதி தில்லி பாலம் விமானப் படைத் தளத்திலிருந்து ராணுவ மரியாதையுடன் அனுப்பி வைக்கப்பட்டன. அமெரிக்காவின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஆஷ்டன் கார்ட்டர் இதில் பங்கேற்றார். வீரர்கள் விழுந்த இடம் தெரிந்த பிறகும் இந்த நாளுக்காக அவர்களின் குடும்பங்கள் பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1942-ல் பர்மா சாலையை ஜப்பானியர் துண்டித்ததால், சீனாவுக்கான எரிபொருளும் ஆயுதங்களும் அசாமிலிருந்து இமயமலையைக் கடந்து வான்வழியே சென்றன. ஒட்டகத் திமிலைக் குறிக்கும் "ஹம்ப்' என்ற பெயரை விமானிகள் இப்பாதைக்குச் சூட்டினர். சீனாவில் இருந்த குண்டுவீச்சு விமானங்களும் தங்களுக்கு வேண்டிய எரிபொருளையும் குண்டுகளையும் தாங்களே இவ்வழியில் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

அத்தகைய பி-24 ரக விமானம் ஒன்று, 1944 ஜனவரி 25-ல் எட்டுப் பேருடன் குன்மிங்கிலிருந்து அசாமின் சாபுவாவுக்குப் புறப்பட்டது, வந்து சேரவில்லை. போருக்குப் பின் நடந்த தேடுதலும் பலனளிக்கவில்லை.

அமெரிக்க மலையேற்ற வீரர் ஒருவர் 2006-ல் அருணாசலப் பிரதேசத்தின் தம்ரோ கிராமத்துக்கு அருகே உள்ள மலைக்காட்டில் அதன் சிதைவுகளைக் கண்டறிந்தார். புதிர் விடுபட்டது, ஆனால், வேறொரு தடை எழுந்தது. அருணாசலத்துக்குச் சீனா உரிமை கோரி வருகிறது. எல்லை மாநிலத்தில் அமெரிக்க ராணுவக் குழுவினரை அனுமதித்தால் பெய்ஜிங்கின் எதிர்ப்பைச் சந்திக்க நேரிடும் என்ற தயக்கத்தால் மீட்புப் பணி தடைபட்டதாகச் செய்திகள் வெளியாயின. காணாமற்போனவர்களின் குடும்பத்தினர் தொடர்ந்து வேண்டுகோள் விடுத்தனர். இதற்கிடையே, அவ்வீரர்களை நேரில் அறிந்திருந்த தலைமுறையே மறைந்து கொண்டிருந்தது.

2015-ல்தான் அந்த மலையில் அகழ்வுப் பணி நடைபெற்றது. கிடைத்த எச்சங்கள் ஹவாயில் உள்ள ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டன. எட்டுப் பேரில் ஒருவரான 24 வயது லெப்டினன்ட் அடையாளம் காணப்பட்டு, 2017 ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அவரது சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறந்து 73 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஹம்ப் பாதையில் ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்ததாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் காணாமற்போன அமெரிக்க வீரர்கள் சுமார் 400 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் விழுந்தது அருணாசல மலைகளில்தான் என்றும் தில்லி விழாவின்போது கூறப்பட்டது. 2023 நவம்பரில் பாசிகாட் நகரில் திறக்கப்பட்ட ஹம்ப் அருங்காட்சியகம் அவர்களின் நினைவைப் போற்றுகிறது. ஆனால், உறவினர்கள் வேண்டுவது நினைவுச் சின்னம் மட்டுமன்று; தங்கள் ஊர் மண்ணில் ஒரு கல்லறை. அதற்கு மலையும் காடும் வழிவிட்டால் மட்டும் போதாது. எல்லை அரசியலும் வழிவிட வேண்டும்.