450 வாட்ஸ் என்று எழுதியிருந்த பெட்டி

பத்து வருசப் பழைய கம்ப்யூட்டரில் கொஞ்சம் பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் என்ன ஆகும்? என் வீட்டில் ஆனதைச் சொல்கிறேன். முதல் நாள் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் நாள் இரவு, கார்டு முழு வேகத்தில் வேலை ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் பொட்டென்று அணைந்தது. நாலாம் நாள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை.

கேம் ஆடுவதற்காக வாங்கிய கார்டு இல்லை அது. என் பாட்டனார் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையில், வைத்துவிட்டுப் போன கணக்கு நோட்டுகளை மூன்று வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கையெழுத்தைப் படிக்க ஒரு மென்பொருளைப் பழக்க முடியுமா என்று ஆசை. பிராசஸர் மட்டும் செய்தால் நாள்கணக்கில் இழுக்கும். கார்டு இருந்தால் மணிக்கணக்கில் முடியும். நண்பர் கழற்றி வைத்திருந்த ஜிடிஎக்ஸ் 960 சும்மாவே கிடைத்தது. சும்மா கிடைத்ததுதான் வினை.

கார்டுக்கு 120 வாட்ஸ். என் ஐ5-2400 பிராசஸருக்கு 95. டிஸ்க், மின்விசிறி எல்லாம் சேர்த்து 20 வைத்தாலும் 235தான். எஸ்எம்பிஎஸ் மேலே பெரிதாக 450 என்று போட்டிருக்கிறதே, தாராளமாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பிஇ படித்தவன் போடுகிற கணக்கா இது என்று இப்போது சிரிப்பு வருகிறது.

கருகிய பிறகுதான் அந்தப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். 3.3 வோல்ட்டில் 28 ஆம்பியர், 5 வோல்ட்டில் 36, 12 வோல்ட்டில் 14, ஸ்டாண்ட்பைக்கு 2. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள்: 92, 180, 168, 10. கூட்டினால் சரியாக 450! பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் சொல்லவில்லை. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. எனக்கு வேண்டியது 12 வோல்ட்டில் 235 வாட்ஸ் சுமார். பெட்டியில் இருந்தது 168.

ஏன் இப்படிப் பங்கு பிரித்தார்கள்? ஒரு காலத்தில் இது சரியான பங்குதான். பென்டியம் 3 நாட்களில் பிராசஸருக்கான மின்சாரம் பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோதுதான் ஏடிஎக்ஸ் 12வி என்ற முறை வந்து, பிராசஸருக்கென்று தனியாக ஒரு நாலு பின் 12 வோல்ட் இணைப்பு கொடுத்தார்கள். அதன் பிறகு பாரம் முழுக்க 12 வோல்ட்டுக்கு நகர்ந்துவிட்டது. மலிவு எஸ்எம்பிஎஸ்கள் மட்டும் பழைய பங்கையே வைத்துக்கொண்டு, கேபினெட்டோடு இலவசம் மாதிரி வந்துகொண்டிருந்தன.

இன்னொரு விஷயம் இதைவிட மோசம். மலிவுப் பெட்டிகளில் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்றுதான் கவனிக்கிறது. 12 வோல்ட்டில் பாரம் ஏறினால் அது கீழே இறங்கும். அதைத் தூக்கிப் பிடிக்கப் போய் 5 வோல்ட் மேலே ஏறும். ஹார்டு டிஸ்க் இந்த இரண்டிலும்தான் ஓடுகிறது. கார்டு திணறும்போது அடி விழுவது டிஸ்குக்கு.

சரி, வாடை எங்கிருந்து வந்தது? மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்குக் கொடுக்கலாம் என்று விதிக்கப்பட்டிருப்பது மொத்தம் 75 வாட்ஸ். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் என்றால் 150. என் எஸ்எம்பிஎஸ்ஸில் 6 பின்னே கிடையாது. (அதுவே ஒரு எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது. அந்த வயர் வைக்காத பெட்டி அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல.) கடையில் மோலெக்ஸிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் வயர் ஒன்று கொடுத்தார்கள். மோலெக்ஸில் 12 வோல்ட்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் வயர். 75 வாட்ஸ் என்றால் 6.25 ஆம்பியர், அத்தனையும் ஒற்றைப் பின் வழியாக.

இங்கேதான் நாகூர் உள்ளே வருகிறது. எங்கள் வீட்டில் ஜன்னல் கொக்கியே மூன்று வருசம் தாங்காது. கடல் காற்றின் உப்பு மோலெக்ஸ் பின்னையும் விடுவதில்லை. மேலே பச்சையும் கறுப்புமாகப் படிந்திருந்தது. அந்தப் படிவால் தொடும் இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை கூடியது என்று வையுங்கள். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும்: 6.25 பெருக்கல் 6.25 பெருக்கல் 0.1, கிட்டத்தட்ட 4 வாட்ஸ். அரிசி அளவுள்ள ஒரு பின்னில் 4 வாட்ஸ் உட்கார்ந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகத்தான் செய்யும்.

பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்கில் தடுமாறியிருக்கின்றன. 2016 ஜூன் கடைசியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 480 கார்டு, ஒரே 6 பின்னை வைத்துக்கொண்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்ஸுக்கு மேல் இழுப்பதைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஜூலையிலேயே புது டிரைவர் விட்டுப் பாரத்தை மாற்றிப் பிரித்தார்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம், வீட்டு மின்மீட்டரே போதும். அதில் சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று மீட்டர் மேலேயே அச்சடித்திருக்கும், என்னுடையதில் 3200. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 என்றால் நிமிடத்துக்கு ஒரு மினுக்கு 18.75 வாட்ஸ். இரண்டாம் நாள் அணைந்ததும் சந்தேகப்பட்டு மறுநாள் எண்ணினேன்: 17. அதாவது 319 வாட்ஸ். மலிவு எஸ்எம்பிஎஸ் கால்வாசியைச் சூடாகவே வீணாக்கும். மீதி 239, நான் போட்ட 235-க்குப் பக்கம். எண் கையில் இருந்தும் ஸ்டிக்கரைப் படிக்காமல் மீண்டும் ஓட்டினேன் பாருங்கள்.

இப்போது 12 வோல்ட்டில் 34 ஆம்பியர், அதாவது 408 வாட்ஸ் தருகிற எஸ்எம்பிஎஸ் போட்டிருக்கிறேன். 6 பின் அதிலிருந்தே வருகிறது. அதே கார்டு, அதே வேலை, மினுக்கு 15. குறைந்த அந்த இரண்டு மினுக்கு, முன்பு வெறும் சூடாகப் போனது.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வரும் ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியும் சுலபமில்லை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020-இல் மதர்போர்டு இணைப்பு வழக்கமான 24 பின் இல்லை, அவர்களுக்கே உரிய 8 பின். சாதாரண எஸ்எம்பிஎஸ் மாட்ட மாற்று வயர் தேடணும். அப்படிப்பட்ட பெட்டிக்கு தனி இணைப்பே கேட்காத கார்டுதான் நல்லது: ஜிடி 1030 என்றால் 30 வாட்ஸ், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60, 1050 டிஐ 75. கடைசி இரண்டிலும் சில மாடல்களில் 6 பின் கேட்கும், பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் 12 வோல்ட் ஆம்பியரையும் ஸ்டிக்கரில் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்? அதில் பழுதான இடங்கள் வர ஆரம்பித்துவிட்டன. பெரும்பாலான நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன, திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஒரு நோட்டை மட்டும் ஸ்கேன் செய்த அடுத்த மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. அதன் 62 பக்கங்கள் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. மீட்பு மென்பொருளை இரண்டு ராத்திரி ஓடவிட்டு 47 பக்கம் எடுத்திருக்கிறேன். மீதிப் பதினைந்தில் நாலு பக்கம் பாதி தெரிகிறது.